நடுப்புள்ளி

புனே,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். இங்கே பத்து நாளாக விடாத மழை. துவைத்த துணி காயவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. குன்றத்தூரில் வெயில் தணிந்ததா, உங்கள் வீட்டுக்காரர் தாவீது அண்ணன் இன்னும் கம்பெனி பஸ்தான் ஓட்டுகிறாரா, உங்கள் காது எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

போன வாரம் போனில் நான் கத்த, நீங்கள் "இன்னா, இன்னா" என்று கேட்க, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்துவிட்டோம். பிரஸ் ஷாப்பில் ஆறு வருஷம் தகடு அடிக்கும் சத்தத்தில் நின்ற காதை இனிமேல் நான் தொல்லை செய்ய மாட்டேன். வாட்ஸ்அப்பில் உங்களிடமிருந்து கட்டைவிரலும் கும்பிடும் தவிர ஒன்றும் வருவதில்லை. கடிதம் என்றால் நான்கு பக்கம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் முனைவர் பட்ட ஆராய்ச்சி, கருந்துளைகள் கிழித்துப்போட்ட நட்சத்திரங்களைப் பற்றியது. நம் பால்வெளி மாதிரி கோடிக்கணக்கான விண்மீன் திரள்கள் இருக்கின்றன. பெரிய திரள் ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. எப்போதாவது ஒரு நட்சத்திரம் அதற்கு மிகப் பக்கத்தில் போய்விடும். தன் பக்கம் இருக்கும் பாதியைக் கருந்துளை பலமாக இழுக்கும், மறுபாதியைக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அந்த இழுப்பில் நட்சத்திரம் நார்நாராகக் கிழிந்துவிடும். கிழிந்ததில் ஒரு பங்கு உள்ளே விழும்போது திரளின் நடுவில் ஒரு வெளிச்சம் தோன்றும். ஒரு மாதம் ஏறும், பல மாதம் மெதுவாக இறங்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். ஒரு திரளில் இது பல்லாயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அதனால் லட்சக்கணக்கான திரள்களை ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானம் முழுவதையும் சில நாளுக்கு ஒருமுறை படம் எடுப்பதற்கென்றே தொலைநோக்கிகள் இருக்கின்றன. படங்களுக்குப் பஞ்சமில்லை.

எனக்கு வேண்டியது கண். புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மாற்றம். ஆனால் அந்த மிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குப்பை. செயற்கைக்கோள் போன கோடு இருக்கும், கேமரா கோளாறு இருக்கும். வெளிச்சம் நடுவை விட்டு விலகியிருந்தால் அது தானாகவே வெடித்த வேறு நட்சத்திரம், நான் தேடுவது இல்லை. நடுவில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருந்தால் அது கழித்தலில் வந்த பிழை, தள்ளிவிடலாம். ஒரு நான்காயிரம் படங்களை நல்ல கண் ஒன்று பிரித்துக் கொடுத்தால், அவற்றைக் காட்டி ஒரு கணினி நிரலைப் பழக்கிவிடுவேன். மிச்சமிருக்கும் லட்சக்கணக்கான படங்களை அது பார்த்துக்கொள்ளும். நல்ல கண் என்றதும் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. செல்போன் கம்பெனியில் இருந்தபோது, மூன்று வருஷம் உங்கள் காலை ஷிப்டை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டு, என் மதிய ஷிப்டையும் இரவு ஷிப்டையும் நீங்களே பார்த்தீர்கள். அதனால்தான் நான் மாலைக் கல்லூரிக்குப் போக முடிந்தது. அதற்கே பதில் செய்ய வழி தெரியாதவள் இன்னொரு உதவி கேட்கிறேன். முடியாது என்றால் தயங்காமல் எழுதிவிடுங்கள், அக்கா.

என்றும் நன்றியுடன்,
சத்யப்பிரியா


குன்றத்தூர்,
18 ஆகஸ்ட் 2024

அன்பு சத்யாவுக்கு,

முடியாது என்றால் எழுதுங்கள் என்கிறாய். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே உன் பழைய லேப்டாப் பார்சலில் வந்து இறங்கிவிட்டது. நீ அப்போதிருந்தே இப்படித்தான். இருங்காட்டுக்கோட்டையில் நாம் சேர்ந்து தங்கிய அறையில் மீன் குழம்பு வைக்கலாமா என்று கேட்பாய், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

சம்மதம். மூன்று நாளாகப் படம் பார்க்கிறேன். சோறு வேகும் நேரம், துணி ஊறும் நேரம், இப்படித் துண்டு துண்டாக. நேற்று தாவீது ட்யூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்த்தது. "இன்னா செந்தாமரை, காலைல பூரா வீல் கப்பு பாத்துட்டு வந்து, வூட்ல இன்னா பாக்குற?" என்று கேட்டது. நான் நீ எழுதியதை எல்லாம் விளக்கினேன். "அவ்ளோ தூரத்துல ஒரு நட்சத்திரம் கிழிஞ்சிச்சுன்னு இங்க குன்றத்தூர்ல வந்து சொன்னா, யாரு இன்னா பண்ண முடியும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதுவும் நாற்பது படம் பார்த்தது.

என் இப்போதைய வேலையை உனக்கு எழுதியிருக்கிறேனா? பிரஸ் ஷாப்பிலிருந்து மாற்றி நான்கு வருஷம் ஆகிறது. கார் சக்கரத்து மேலே மாட்டும் பிளாஸ்டிக் மூடி, எங்கள் லைனில் வீல் கப் என்போம். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு. கையில் எடுத்து, விளக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றி, கீறலா, குமிழா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். நட்டநடுவில் ஒரு புள்ளி இருக்கும். உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கும் வாய் அது. அதன் மேல் கம்பெனி முத்திரை ஒட்டிவிடுவார்கள், அதனால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உன் திரள்களும் பார்க்க வீல் கப் மாதிரிதான் இருக்கின்றன. எனக்கு வேலை மாறினதாகவே தோன்றவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் சுப்பிரமணி வாரத்துக்கு ஒருமுறை, எங்களுக்குச் சொல்லாமல், பழுது என்று தெரிந்த இருபது மூடிகளை லைனில் கலந்துவிடுவார். அதில் எத்தனையை நாங்கள் பிடித்தோம் என்று பார்ப்பார். நீயும் எனக்கு அப்படி ஏதாவது கலந்து அனுப்புகிறாயா? சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே. ஆனால் செய்.

இன்னொன்று. முதல் பக்கத்தில் ஒரு நன்றி, கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி என்று எழுதாதே. கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல் இருக்கிறது.

அன்புடன்,
செந்தாமரை


புனே,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் எண்ணூறு படங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் எதற்காகத் தள்ளினீர்கள் என்று காரணமும் குறித்திருப்பதைப் பார்த்து, என் வழிகாட்டி ரத்னா மேடம் "யார் இவர்?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது.

சோதனைப் படங்கள் கலப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேடமும் அதையேதான் சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களைச் சோதிக்க நான் யார், அக்கா? நீங்கள் பார்த்தது பார்த்ததுதான்.

அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் பார்த்த நாற்பதில் முப்பத்தொன்பது சரி. ஒன்றில் மட்டும் விமானத்தை நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறார்.

நன்றியுடன் (இதற்கும் திட்டாதீர்கள்),
சத்யப்பிரியா


புனே,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஒன்பது மாதம் காத்திருந்தேன். நீங்கள் ஜனவரியில் முடித்துக் கொடுத்த நான்காயிரம் படங்களைக் கொண்டு நிரலைப் பழக்கினேன். அது இப்போது உங்கள் கண்ணாலேயே பார்க்கிறது. நீங்கள் எங்கே தயங்குவீர்களோ அங்கே அதுவும் தயங்குகிறது. அதைக் கொண்டு ஐந்து வருஷத்துப் படங்களைச் சலித்தேன். ஒன்பது நட்சத்திரங்கள். ஒன்பதும் உண்மையானவை, வேறு தொலைநோக்கிகளின் பதிவுகளோடும் ஒத்துப்போகின்றன.

பெரிய செய்தி அதுவல்ல. மற்றவர்கள் போட்ட கணக்குப்படி அந்தப் படங்களில் பதினேழு இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பாதி. அப்படியென்றால் எல்லாரும் நினைப்பதைவிட நட்சத்திரங்கள் அரிதாகவே கிழிகின்றன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ரத்னா மேடம் மூன்று முறை கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார், மூன்று முறையும் ஒன்பதுதான். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டோம். ஏற்றுக்கொண்டார்கள், செப்டம்பரில் வருகிறது. கடைசிப் பத்தியில், "திருமதி செந்தாமரை, குன்றத்தூர், இவரது கூர்மையான கண்ணுக்கு" என்று எழுதியிருக்கிறேன். உலகத்தில் எங்கே அதைப் படித்தாலும் உங்கள் பெயர் இருக்கும்.

செப்டம்பரில் என் ஆய்வேட்டையும் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டால் அக்டோபரில் ஜெர்மனியில் வேலை. இந்த முடிவைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கு வயதில் முதல் வேலையா என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு நாம் செல்போன் கம்பெனியில் நின்றதெல்லாம் வேலையாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

எனக்கு நல்லது எது நடந்தாலும் அதன் அடியில் உங்கள் கை இருக்கிறது, அக்கா.

மாறாத நன்றியுடன்,
சத்யப்பிரியா


குன்றத்தூர்,
6 ஜூலை 2025
(பதிவுத் தபால்)

அன்பு சத்யாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று லைனில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். பாஞ்சாலி, "உன் பேரு புக்ல வருதா? அப்ப இனிமே ரிஜெக்ட் பீஸ் வந்தா உன்னாண்டதான் ஆட்டோகிராப் வாங்கணும்" என்று கேலி செய்தாள். பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தைப் படித்தபிறகு உனக்கு இதெல்லாம் படிக்கத் தோன்றாது.

போன திங்கட்கிழமை சுப்பிரமணி சார் லைனை நிறுத்திவிட்டு எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். மேஜை மேல் திரும்பி வந்த வீல் கப் முப்பது இருந்தன.

"எல்லாரும் நடுவுல பாருங்கம்மா. இன்னா தெரியுது?"

"புள்ளி சார்," என்றாள் பாஞ்சாலி. "அது எப்பவும் கீறதுதானே? மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க."

"புள்ளிலேர்ந்து கோடு போவுது பாரு. வெடிப்பு. ஆறு மாசமா போய்க்கினு கீது. நாலு பேரு, எட்டுக் கண்ணு, ஒருத்தருக்கும் தெரியலயா?"

யாருக்கும் தெரியவில்லை. சோதனைக்கு அவர் கலந்துவிட்ட மூடிகளிலும் நடுவில் பழுது ஒன்றுகூட இருந்ததில்லை. நடுவைப் பார்க்கக் கூடாது என்று பழகிய கண், நடுவைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அவர் திட்டிக்கொண்டிருந்தார், எனக்குப் பாதிதான் கேட்டது. மீதி நேரம் நான் உன் படங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, நான் தள்ளிவிட்ட படங்களை முதலிலிருந்து பார்த்தேன். கழித்தல் பிழை என்று நான் குறித்தவற்றில் முதல் நூறு. அதில் பதினொன்றில் பாதிக் கறுப்பே இல்லை, சத்யா. முழு வெள்ளை. உருண்டையாக, நட்டநடுவில். வெளிச்சம் நடுவில்தான் வரும் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நடுவில் பெரிதாகப் பரவித் தெரிந்ததை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், மூடியின் புள்ளி மாதிரி சின்னதாக நடுவில் இருந்ததைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளியிருக்கிறேன். அந்தக் கையைத்தான் நீ உன் நிரலுக்குப் பழக்கியிருக்கிறாய். உனக்கு ஒன்பது கிடைத்தது நட்சத்திரங்கள் அரிதாகக் கிழிவதால் இல்லை என்று நினைக்கிறேன். மீதியை நான் தள்ளிவிட்டேன்.

தாவீதிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடி வைத்தது. பிறகு, "யாருக்குத் தெரியப்போவுது? அந்தப் பொண்ணு ஜெர்மனி போவட்டும், வுடு," என்றது. பொய் சொல்ல மாட்டேன், நானும் நான்கு நாள் விட்டுத்தான் பார்த்தேன். நான்கு நாளும் காலையில் பஸ் ஏறும்போது, உன் கட்டுரையை யாரோ ஒருத்தர் படித்து நம்புவதுதான் கண் முன்னே வந்தது. அதில் என் பெயர் வேறு.

உன் வேலைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கக் கூட வாய் வரவில்லை. தள்ளிய எல்லாவற்றிலும் காரணம் எழுதியிருக்கிறேன். கழித்தல் பிழை என்று போட்டது மொத்தம் அறுநூற்று இருபது. வேறு எதையும் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, தப்பு அதற்குள்தான் இருக்கும்.

செந்தாமரை


குன்றத்தூர்,
30 ஜூலை 2025

அன்பு சத்யாவுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை பதினாறாம் தேதியே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. கடிதம் கிடைத்திருக்கிறது என்று தெரியும். பதில் எழுத உனக்கு மனம் வராதது நியாயம்தான்.

நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

செந்தாமரை


புனே,
11 ஆகஸ்ட் 2025

செந்தாமரை அக்கா,

ஒரு வரி போதும் என்கிறாய். ஒரு வரியில் எழுத முடிந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

என்ன செய்து வைத்திருக்கிறாய் நீ? நடுவில் இருப்பதைத் தேடத்தானே உனக்குப் படமே அனுப்பினேன்? வேறு எங்கே தப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ஊசியைத் தேடச் சொன்னால் ஊசியை மட்டும் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறாய். நான்காயிரத்தில் ஒரு படத்திலாவது, இது ஏன் இத்தனை உருண்டையாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றவில்லையா? சோறு வேகும் நேரத்தில் பார்த்ததாக எழுதினாய். சோறு வெந்ததா?

உன் கடிதம் வந்த அன்றே அந்த அறுநூற்று இருபதையும் நானே பார்த்தேன். நிரலை மறுபடி பழக்கினேன், ஐந்து வருஷத்தையும் மறுபடி சலித்தேன். ஒரே நட்சத்திரம் பல இரவுகளின் படங்களில் வரும் என்பதால், எல்லாம் சேர்த்து இன்னும் ஏழு நட்சத்திரங்கள் வந்தன. ஒன்பதும் ஏழும் பதினாறு. எல்லாரும் சொன்ன பதினேழுக்கு ஒன்றுதான் குறைவு. உலகத்துக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக இரண்டு மாதம் மிதந்துகொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்தது உன் வீல் கப் பழக்கத்தை.

ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் புதிதாக எழுத வேண்டும், பிப்ரவரி ஆகிவிடும். ஜெர்மனிக்காரர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அதைப் படித்த அன்று விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன். உனக்குக் கேட்டிருக்காது, காதுதான் போய்விட்டதே. இப்படி எழுதுகிறேன் பார், இத்தனை கோபம்.

ரத்னா மேடத்திடம் சொல்லத்தான் மூன்று நாள் பிடித்தது. அவர் கத்தவில்லை. "சோதனைப் படங்கள் கலந்தாயா?" என்று மட்டும் கேட்டார். கலக்கவில்லை. அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. நீயே கேட்டாய், அதையும் நான் கேட்கவில்லை. வேறு யார் பிரித்துக் கொடுத்திருந்தாலும் நூறு தடவை சோதித்திருப்பேன். உன்னைச் சோதிப்பது பாவம் என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாக உன் முன்னால் கை கட்டிக்கொண்டே நின்று, உன்னைச் சரியாகப் பார்க்காமலே விட்டிருக்கிறேன். பாதித் தப்பு என்னுடையது. அதற்காகவும் உன் மேல்தான் கோபம் வருகிறது, என்ன செய்ய.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் கட்டுரை வந்திருக்கும். ஒரு வருஷத்தில் யாராவது ஒருத்தர் கண்டுபிடித்து, ஊரறிய எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் வேலை கிடைத்திருக்காது. நீ அறுநூற்று இருபதையும் தனியாகக் குறித்து வைத்திருக்காவிட்டால், இந்த மூன்று வார வேலை எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும். இதுவும் உண்மை. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

புதிதாக இரண்டாயிரம் படங்கள் அனுப்பியிருக்கிறேன். இருநூறு சோதனைப் படங்கள் கலந்திருக்கின்றன. எவை என்று சொல்ல மாட்டேன். பார்க்கும்போது அடுப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது.

சத்யா


குன்றத்தூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்பு சத்யாவுக்கு,

உன் கடிதத்தைத் தாவீதுதான் முதலில் பிரித்தது. படித்துவிட்டு முகம் செத்துப்போய், "நீ இத்தப் படிக்காத, நான் இன்னா எழுதிருக்குதுன்னு சொல்றேன்," என்றது. பிடுங்கிப் படித்தேன். சோறு வெந்ததா என்று கேட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வரைக்கும் ஏழு வாரமாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தாவீது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

உனக்குப் போன வேலை என்னால்தான் போனது. அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ முதலில் படம் அனுப்பியபோது, இது உண்மையில் வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். காது போன அக்கா, பிள்ளை குட்டி இல்லாதவள், வீட்டில் தனியாகக் கிடக்கிறாள், அவளுக்கு ஏதாவது பொழுதுபோக்குக் கொடுப்போம் என்று நீ செய்ததாக நினைத்தேன். நான் என்ன குறித்து அனுப்பினாலும் நீ அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, உன் படித்த நண்பர்கள் செய்ததைத்தான் எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். என் பெயரைப் போட்டதாக எழுதினாயே, அதையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டேன். மைசூர்பாகு கொடுத்தபோது கூட உள்ளே ஒரு மூலையில் அந்த நினைப்பு இருந்தது.

என் ஒரு தப்பு உன் ஆய்வேட்டில் மூன்று அத்தியாயத்தைச் சாய்த்திருக்கிறது. வேடிக்கைக்குக் கொடுத்த வேலையில் தப்புச் செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீ என்னை நம்பி, நிஜமாகவே என் கண்ணை வைத்துத்தான் அத்தனை வானத்தையும் பார்த்திருக்கிறாய். வாழ்க்கையில் இத்தனை பெரிய விஷயத்தை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. அதைக் கெடுத்தபிறகுதான் அது என் கையில் இருந்ததே எனக்குத் தெரிகிறது. இதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். நன்றி எழுதாதே என்று உன்னைத் திட்டியவள் நான்தான், அதனால் ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன். நன்றி, சத்யா.

இன்னொன்று. அந்த அறையில் நாம் இருந்தபோது வாரத்துக்கு இரண்டு சண்டை போடுவோம். பக்கெட்டுக்கு, மின்விசிறிக்கு, நீ என் சீப்பை எடுத்ததற்கு. நான் ஷிப்ட் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து நீ என்னோடு சண்டை போட்டதே இல்லை. என்ன சொன்னாலும் சரிக்கா, சரிக்கா. உனக்குக் காலை ஷிப்ட் கிடைத்தது, எனக்குக் கூடச் சண்டை போட ஆளில்லாமல் போனது. பதினைந்து வருஷம் கழித்து இந்த மாதம்தான் நீ என்னைத் திட்டியிருக்கிறாய். காது கேட்காத கேலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதைத் தாவீதுக்குக் கூட நான் விட்டுத்தர மாட்டேன், ஆனால் நீ எழுதலாம்.

இரண்டாயிரத்தையும் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை அடுப்பு அணைந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் முதலில் நடுவைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போனேன். லைனிலும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். எனக்கு ஒரு மூடிக்கு இரண்டு நொடி கூடுதலாகிறது, சுப்பிரமணி சார் முறைக்கிறார், முறைத்துவிட்டுப் போகட்டும்.

உன் சோதனைப் படங்கள் எவை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கழித்த பழைய படத்தின் தேதி அந்த இருநூறிலும் ஒன்றேதான். கலக்கும்போது தேதியை மறைக்க வேண்டும் என்பது எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கூடத் தெரியும். ஆனால் நான் தேதியைத் தாளால் மூடிக்கொண்டுதான் பார்த்தேன், நம்பு. பிறகு 117ஆம் படத்தைப் பார். கிழிந்த நட்சத்திரம் என்று நீ விடை வைத்திருப்பாய், நான் தள்ளியிருக்கிறேன். திறந்து பெரிதாக்கிப் பார், வெளிச்சம் நடுவிலிருந்து இம்மியளவு இடப்பக்கம் விலகியிருக்கிறது. அது தானாகவே வெடித்த ஏதோ ஒரு நட்சத்திரம், கருந்துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது நீ கணக்கில் வைத்திருக்கும் பதினாறில் அதுவும் ஒன்றென்றால் பதினைந்து ஆகிவிடும். சோதனைத்தாளிலேயே தப்புவிடும் உன்னை நம்பி எந்த ஊரில் வேலை கொடுப்பார்கள்? கவனத்தை எங்கே வைத்திருக்கிறாய்? சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, பதினாறையும் மறுபடி பார். அடுத்த கட்டைத் தேதியில்லாமல் அனுப்பு.

உன் அக்கா,
செந்தாமரை